பில் யாரிடம் நிற்கிறது? ஒப்புதல் ஓட்டம் அமைப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கடலூர் சிப்காட்டிலும், புதுச்சேரியின் மேட்டுப்பாளையம், தட்டாஞ்சாவடி, சேதராப்பட்டு தொழிற்பேட்டைகளிலும் இருக்கிற சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு ஒர்க்ஃப்ளோ மென்பொருள், அதாவது ஒரு பில்லோ விண்ணப்பமோ யார் யாரிடம் போய் ஒப்புதல் வாங்க வேண்டும் என்பதை நடத்தும் மென்பொருள், போட்டுக் கொடுப்பது என் பிழைப்பு. இன்டென்ட் (பொருள் வேண்டும் என்று போடும் சீட்டு), பி.ஓ. (சப்ளையருக்குக் கொடுக்கும் கொள்முதல் ஆணை), பில், லீவு, முன்பணம் என எதற்காக உட்கார்ந்தாலும், "இதை யார் அப்ரூவ் பண்ணணும்?" என்ற இடத்தில்தான் கூட்டம் இழுக்கிறது. திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் நான் சொல்லும் பதில்களையும் இங்கே எழுதி வைத்திருக்கிறேன். எந்த மென்பொருள் வைத்திருந்தாலும் பெரும்பாலும் பொருந்தும்.

மென்பொருளைத் திறந்ததும் முதலில் எதை வரைய வேண்டும்?

எதையும் வரையாதீர்கள். பழைய ஃபைலை எடுங்கள். போன மூன்று மாதத்தில் பணம் கொடுத்து முடித்த பில்களில் ஒரு இருபதை உருவி, ஒவ்வொன்றின் பின்பக்கத்தையும் பாருங்கள். யார் யார் கையெழுத்து, என்ன தேதி, இடையில் எத்தனை நாள் என்பதெல்லாம் அங்கேயே இருக்கும்.

ஒரு கம்பெனியில் அப்படி எடுத்த பில் ஒன்றில் ஆறு கையெழுத்து இருந்தது. ஆறு பேரையும் தனித்தனியே பார்த்து, "நீங்க எதைப் பார்த்துக் கையெழுத்துப் போட்டீங்க?" என்று மட்டும் கேட்டேன். ஸ்டோர் கீப்பர் அண்ணன், சரக்கு வந்ததா, எண்ணிக்கை சரியா என்று பார்த்ததாகச் சொன்னார். உற்பத்திப் பிரிவில், கேட்ட தரம்தான் வந்ததா என்று பார்த்திருந்தார்கள். அக்கவுண்ட்ஸில் இருந்த அக்கா விலையையும் ஜி.எஸ்.டி.யையும் பி.ஓ.வோடு ஒப்பிட்டிருந்தார். அக்கவுண்ட்ஸ் மேனேஜர், "அந்தம்மா பார்த்திருப்பாங்கன்னு போட்டேன்" என்றார். ஃபேக்டரி மேனேஜர், "அக்கவுண்ட்ஸ்தான் பார்த்துட்டாங்களே" என்றார். டைரக்டர் சிரித்துவிட்டு, "எனக்கு முன்னாடி அஞ்சு பேர் பார்த்திருக்காங்களே சார்" என்றார்.

ஆறு கையெழுத்து இருந்தாலும் கேள்வி மூன்றுதான். புதிய ஓட்டத்தில் மூன்று படிதான் வைத்தோம். அந்த இருபது பில்களை ஒரு மாலை நேரம் புரட்டினால் கிடைப்பது, நான்கு நாள் கூட்டம் போட்டாலும் கிடைக்காது.

அப்படியானால் எத்தனை படி சரி?

எண்ணிக்கையில் ஆரம்பிக்க வேண்டாம். ஒவ்வொரு படிக்குப் பக்கத்திலும் ஒரே ஒரு கேள்வி எழுதுங்கள். அந்தக் கேள்விக்கு அந்த இடத்தில் இருப்பவர் மட்டுமே பதில் சொல்ல முடிய வேண்டும். "இல்லை" என்றும் அவரால் சொல்ல முடிய வேண்டும். இந்த இரண்டில் ஒன்று இல்லையென்றாலும் அந்தப் படி வேண்டாம். அவருக்கு விஷயம் தெரிந்தால் போதும் என்றால் தகவல் அனுப்புங்கள், ஓட்டத்தை அவர் மேசையில் நிறுத்த வேண்டியதில்லை.

இரண்டு படிகளின் பக்கத்தில் ஒரே கேள்வி எழுதும்படி ஆகிவிட்டால், அந்த இரண்டு பேருமே சரியாகப் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்ளலாம். ஒருவர் முன்னால் இருப்பவரை நம்புகிறார், மற்றவர் பின்னால் வருபவரை நம்புகிறார்.

தொகை வரம்பு வைத்தால் பில்லை உடைத்து உடைத்துப் போடுகிறார்களே?

போடத்தான் செய்வார்கள். ரூ.10,000 வரை பிரிவுத் தலைவர், அதற்கு மேல் மேனேஜர் என்று வைத்த மறுமாதமே 9,800, 9,650 என்று பில் வர ஆரம்பிக்கும். எல்லாமே திருட்டு என்று நினைக்க வேண்டாம். பல நேரம் மேனேஜரிடம் போனால் ஒரு வாரம் ஆகும் என்பதால்தான் உடைக்கிறார்கள். உங்கள் ஓட்டம் எங்கே தாமதமாகிறது என்பதை அந்த 9,800 காட்டிக்கொடுக்கிறது.

மென்பொருளில் செய்ய வேண்டியது இது: வரம்பைத் தனி பில்லோடு ஒப்பிடாமல், அதே சப்ளையருக்கு அதே செலவுத் தலைப்பில் கடந்த ஏழு நாளில் போனதையும் கூட்டி ஒப்பிடச் சொல்லுங்கள். கூட்டுத்தொகை வரம்பைத் தாண்டினால் மேல் படிக்குப் போகட்டும். ரொக்கமாகக் கொடுப்பதில் இதற்குச் சட்டக் காரணமும் உண்டு. ஒரே நாளில் ஒரே ஆளுக்கு ரூ.10,000-க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தால் வருமான வரிக் கணக்கில் அதைச் செலவாக ஏற்க மாட்டார்கள். சரக்கு லாரி வாடகை என்றால் ரூ.35,000 வரை விடுவார்கள். அந்தக் கணக்கும் ஒரு நாளின் மொத்தத்தைத்தான் பார்க்கிறது, வவுச்சரை எத்தனையாகக் கிழித்தாலும் சரி.

வரம்பை இரண்டு வருடத்துக்கு ஒருமுறையாவது மறுபடி பாருங்கள். எப்போதோ ரூ.2,000 என்று வைத்ததை இன்னும் மாற்றாத இடங்களைப் பார்த்திருக்கிறேன். அங்கெல்லாம் டைரக்டர் டீத்தூளுக்கு அப்ரூவல் கொடுத்துக்கொண்டிருப்பார்.

அப்ரூவல் கொடுப்பவர் லீவில் போனால்?

இந்தப் பக்கத்திலேயே அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான்.

ஆவணியில் ஒரு முகூர்த்த நாள். ஒரு பர்ச்சேஸ் மேனேஜர் தங்கை கல்யாணத்துக்காகத் திருவந்திபுரம் போயிருந்தார். அதற்கு முன்னும் பின்னும் சேர்த்து ஒன்பது நாள் லீவு. அவர் கிளம்பிய அன்று மாலை ஒரு பம்ப் மோட்டாரின் பேரிங் போயிற்று. 6205 என்ற சாதாரண அளவு, கடையில் ஐந்நூறு ரூபாய்கூட ஆகாது. இன்டென்ட் போட்டார்கள். அது அவர் பெயரில் ஒன்பது நாள் கிடந்தது. ஃபோனில் கேட்டபோது, "வாங்கிக்கோங்க, வந்து அப்ரூவ் பண்றேன்" என்றாராம். ஆனால் பி.ஓ. நம்பர் இல்லாமல் கேட்டுக்குள் பொருளை விடக் கூடாது என்று அதே மென்பொருளில்தான் விதி போட்டிருந்தது. ஸ்பேர் பம்பை வைத்து ஒப்பேற்றினார்கள். அதுவும் ஏழாம் நாள் நின்றது.

இதிலிருந்து நான் எடுத்துக்கொண்டவை சில. படியில் ஆளின் பெயரை எழுதாதீர்கள், பொறுப்பின் பெயரை எழுதுங்கள். 'பர்ச்சேஸ் மேனேஜர்' என்ற பொறுப்பில் இன்று யார் உட்கார்ந்திருக்கிறார் என்பது வேறொரு பட்டியலில் இருக்கட்டும். ஆள் மாறினால் அந்தப் பட்டியலில் ஒரு வரியை மாற்றினால் போதும். லீவு விண்ணப்பத்திலேயே 'இந்த நாள்களில் எனக்குப் பதிலாள் யார்' என்பதைக் கட்டாயமாக்குங்கள். அதை நிரப்பாமல் லீவே போட முடியாது என்று வைத்தால் யாரும் மறக்க மாட்டார்கள். பதிலாள் பொறுப்புக்குத் தொடக்கத் தேதியும் முடிவுத் தேதியும் இருக்க வேண்டும், முடிவுத் தேதியன்று தானாகக் காலாவதியாக வேண்டும். இல்லையென்றால் போன வருடக் கல்யாணத்துக்குக் கொடுத்த அதிகாரம் இந்த வருட ஆடிட் வரை உயிரோடு இருக்கும்.

அப்புறம், சங்கிலி. நான் உங்களுக்குப் பதிலாள், நீங்கள் எனக்குப் பதிலாள், இருவருமே ஒரே கல்யாணத்தில். பில் இரண்டு பெயருக்கும் நடுவில் சுற்றிக்கொண்டே இருக்கும். பதிலாளின் பதிலாள் என்று போகவே விடாதீர்கள். ஒரு தாவல்தான், அதற்கும் ஆள் இல்லையென்றால் நேரே மேலதிகாரிக்கு. பதிவேட்டில் 'பர்ச்சேஸ் மேனேஜருக்காக ஸ்டோர் பொறுப்பாளர்' என்று இரண்டு பெயரும் விழ வேண்டும்.

இதையெல்லாம் செய்யாவிட்டால் என்ன நடக்கும் தெரியுமா? பாஸ்வேர்டைத் துண்டுச் சீட்டில் எழுதி மானிட்டரில் ஒட்டிவிட்டுப் போவார். நான் நேரில் பார்த்தது.

தான் போட்ட விண்ணப்பத்தைத் தானே அப்ரூவ் செய்யலாமா?

கூடாது. பதிலாளாக இருக்கும் நாளிலும் கூடாது. ஈஆர்பிநெக்ஸ்ட் போன்ற நிறுவன நிர்வாக மென்பொருள்களில், ஒரு படியிலிருந்து அடுத்ததற்குப் போகும் ஒவ்வொரு மாற்றத்துக்கும் 'சுய ஒப்புதல்' என்று ஒரு டிக் இருக்கும். பணம் சம்பந்தப்பட்ட எல்லா இடத்திலும் அந்த டிக்கை எடுத்துவிடுங்கள்.

இரண்டு மூன்று பேரிடம் ஒரே நேரத்தில் அனுப்பலாமா, வரிசையாகத்தான் போக வேண்டுமா?

ஒருவரின் பதில் இன்னொருவருக்குத் தேவையென்றால் வரிசை. சரக்கு வந்ததா என்று தெரியாமல் அக்கவுண்ட்ஸ் விலையைப் பார்த்துப் பயனில்லை. தேவையில்லையென்றால் ஒரே நேரத்தில் அனுப்பலாம். புது ஊழியருக்கு ஐ.டி. கார்டு, லேப்டாப், பி.எஃப். படிவம் எல்லாம் ஒன்றுக்கு ஒன்று காத்திருக்க வேண்டியதில்லை.

ஒரே நேரத்தில் அனுப்பும்போது முன்கூட்டியே முடிவு செய்ய வேண்டியது ஒன்று உண்டு. எல்லோரும் சரி என்றால்தான் சரியா, யாராவது ஒருவர் போதுமா, மூவரில் இருவரா? மூவரில் ஒருவர் வேண்டாம் என்றதும் மற்ற இருவரின் மேசையிலிருந்து அது உடனே மறைய வேண்டும். இதை அமைக்க மறந்தால், காலையில் நிராகரித்த பில்லை மதியம் இன்னொருவர் அப்ரூவ் செய்வார். கடைசியாக அழுத்தியவர் ஜெயித்துவிடுவார், பணமும் போய்விடும்.

இதற்கெல்லாம் பி.பி.எம்.என். படம் போடக் கற்றுக்கொள்ள வேண்டுமா?

பி.பி.எம்.என். என்பது வேலை ஓட்டத்தைப் படமாக வரைவதற்கான பொதுக் குறியீட்டு முறை. இன்று புழக்கத்தில் இருக்கும் 2.0 பதிப்பு 2011-ல் வந்தது, 2013-ல் ஐ.எஸ்.ஓ. தரமாகவும் ஆனது. அதில் நூற்றுக்கு மேல் குறிகள் உண்டு. ஒப்புதல் ஓட்டத்துக்கு நான்கைந்து போதும். சாய்சதுரத்துக்குள் பெருக்கல் குறி இருந்தால் 'இதுவா அதுவா', கூட்டல் குறி இருந்தால் 'எல்லாமும் ஒரே நேரத்தில்'. அப்புறம் வட்டம் (தொடக்கம், முடிவு), செவ்வகம் (ஒரு வேலை), கடிகாரம் (கெடு). ஸ்டோர் கீப்பருக்குப் புரியாத படத்தை மாட்டி வைத்துப் பயனில்லை.

'நிராகரி', 'திருப்பி அனுப்பு' இரண்டும் ஒன்றுதானே?

இரண்டையும் ஒன்றாக்கிய மென்பொருளில்தான் ஊழியர்கள் மென்பொருளையே வெறுக்கிறார்கள். 'நிராகரி' என்றால் கதை முடிந்தது. 'திருப்பி அனுப்பு' என்றால் ஒரு குறை இருக்கிறது, சரிசெய்து கொண்டு வா. ஹெச்.எஸ்.என். கோடு (ஜி.எஸ்.டி.க்காகப் பொருளின் வகையைக் காட்டும் எண்) தப்பு என்பதற்காக ஒரு பில்லை நிராகரித்தால், போட்டவர் மொத்தத்தையும் முதலிலிருந்து டைப் அடிக்க வேண்டும். அடுத்த முறை அவர் பேப்பரில் எழுதிக் கையில் கொண்டு வந்து நிற்பார்.

திருப்பி அனுப்பும்போது காரணம் எழுதுவதைக் கட்டாயமாக்குங்கள். ஆனால் வெறும் பெட்டியை வைத்தால் 'சரியில்லை' என்று ஒரே சொல்லில் முடித்துவிடுவார்கள். நான்கைந்து காரணங்களைப் பட்டியலாகக் கொடுத்து, கூடவே ஒரு பெட்டியும் வையுங்கள். ஆறு மாதம் கழித்து அந்தப் பட்டியலைக் கூட்டிப் பார்த்தால் படிவத்தில் எந்த இடம் குழப்புகிறது என்று தெரிந்துவிடும்.

சரிசெய்து வந்தது மறுபடி எங்கே சேர வேண்டும்? கோடு, முகவரி மாதிரித் திருத்தம் என்றால் திருப்பி அனுப்பியவரிடமே போகட்டும். விலை, எண்ணிக்கை, சப்ளையர், வங்கிக் கணக்கு எண் இந்த நான்கில் ஒன்று மாறியிருந்தால் முதல் படியிலிருந்து.

அப்ரூவல் ஆன பிறகு யாராவது எண்ணிக்கையை மாற்றிவிட்டால்?

அப்ரூவல் கொடுத்தது அந்த நேரத்தில் திரையில் இருந்த எண்ணுக்கு. அதற்குப் பின் மாறினால் அந்த அப்ரூவல் செல்லாது. மென்பொருள் இதைத் தானாகச் செய்ய வேண்டும், மனிதர்களின் நேர்மையை நம்பி விடக் கூடாது. அப்ரூவலானதும் ஆவணம் பூட்டிக்கொள்ள வேண்டும். மாற்ற வேண்டுமென்றால் பழையதை ரத்து செய்துவிட்டு, அதே எண்ணின் வாலில் -1 போட்டுப் புதிதாக ஓட்டத்தில் விட வேண்டும். இப்படி வைத்தால் எது எதிலிருந்து வந்தது என்பதும் தெரியும்.

வங்கிக் கணக்கு எண்ணுக்குத் தனி ஓட்டமே வையுங்கள். 'எங்கள் கணக்கு மாறிவிட்டது' என்று சப்ளையர் பெயரில் பொய் மெயில் அனுப்பிப் பணத்தைத் திசைதிருப்புவது நாடெங்கும் நடக்கிறது. மெயிலில் வந்த எண்ணுக்குப் பேசாமல், நம்மிடம் ஏற்கெனவே இருக்கும் பழைய ஃபோன் நம்பரில் கூப்பிட்டுக் கேட்டதாக ஒருவர் பதிவு செய்தால்தான் மாற்றம் நடக்க வேண்டும்.

பதிலே வரவில்லை என்றால் 48 மணி நேரத்தில் தானாக அப்ரூவ் ஆகட்டும் என்று வைக்கலாமா?

லீவு, மீட்டிங் அறை இதற்கெல்லாம் தாராளமாக வைக்கலாம். பணம் வெளியே போகும் எதற்கும் வைக்காதீர்கள். ஒருவர் பேசாமல் இருந்தாலே பணம் போகும் என்றால், யார் எப்போது ஊரில் இல்லை என்பதைப் பார்த்து பில் போட ஆரம்பிப்பார்கள். கெடு தாண்டினால் முதலில் அவருக்கு நினைவூட்டல், அப்புறம் மேலதிகாரிக்குக் கைமாற்றம். அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கெடு கணக்கிடும்போது எந்த நாட்காட்டி என்று கேளுங்கள். நம் பக்கத்தில் இது விளையாட்டல்ல. ஆகஸ்ட் 16-ம் நவம்பர் 1-ம் புதுச்சேரியில் அரசு விடுமுறை. பிரெஞ்சுக்காரர்கள் ஆட்சியை ஒப்படைத்தது 1954 நவம்பர் 1, அது சட்டப்படி முழுமையானது 1962 ஆகஸ்ட் 16. கடலூரில் இரண்டுமே சாதாரண வேலை நாள். தலைமை அலுவலகம் புதுச்சேரியிலும் ஃபேக்டரி கடலூரிலும் இருந்தால், ஆகஸ்ட் 14 மாலை கடலூரில் போட்ட பில்லின் 48 மணி நேரக் கெடு, இரண்டு நாளும் பூட்டியிருக்கும் அலுவலகத்தில் முடிந்துவிடும். 17-ஆம் தேதி காலையில் டைரக்டரின் ஃபோன் முழுக்கக் 'கெடு தாண்டியது' எச்சரிக்கை. கெடுவை வேலை நேரத்தில் எண்ணுங்கள், அதுவும் அப்ரூவல் கொடுப்பவர் உட்கார்ந்திருக்கும் ஊரின் வேலை நேரத்தில்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தப் பக்கம் என்பதற்காக ஓட்டத்தில் வேறு என்ன மாற வேண்டும்?

கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில் இருபது சொச்சம் கிலோமீட்டர்தான். முள்ளோடை தாண்டினால் மாநிலம் மாறிவிடும். ஜி.எஸ்.டி. எண்ணின் முதல் இரண்டு இலக்கம் தமிழ்நாட்டுக்கு 33, புதுச்சேரிக்கு 34. கடலூர் சப்ளையர் புதுச்சேரி ஃபேக்டரிக்கு அனுப்பினால் ஐ.ஜி.எஸ்.டி. (மாநிலம் தாண்டும் விற்பனைக்கான வரி) வர வேண்டும். பழக்கதோஷத்தில், மாநிலத்துக்குள் விற்பதைப் போல சி.ஜி.எஸ்.டி., எஸ்.ஜி.எஸ்.டி. என்று பிரித்துப் போட்டு அனுப்பிவிடுவார்கள். மென்பொருள் இரண்டு எண்ணின் முதல் இரண்டு இலக்கங்களையும் ஒப்பிட்டு, வரி வகை ஒத்துப்போகாவிட்டால் மனிதர் யாரிடமும் போகும் முன்பே திருப்பி அனுப்பிவிடலாம். அப்ரூவல் கொடுப்பவரின் கண்ணை இதற்கெல்லாம் செலவழிக்க வேண்டாம்.

இரண்டு பக்கமும் யூனிட் இருந்தால் இரண்டு ஜி.எஸ்.டி. எண் இருக்கும். நம் யூனிட்டிலிருந்து நம் யூனிட்டுக்கே சரக்கு போனாலும் வரியோடு பில் போட வேண்டும். 'நம்ம வண்டி, நம்ம சரக்கு' என்று கேட் பாஸோடு அனுப்பிவிடுவார்கள். மாநிலம் தாண்டும் சரக்கு ரூ.50,000-க்கு மேல் என்றால் இ-வே பில்லும் (சரக்கைக் கொண்டுபோவதற்கான மின்னணுச் சீட்டு) வேண்டும். தமிழ்நாட்டுக்குள்ளேயே என்றால் அந்த வரம்பு ஒரு லட்சம். எனவே 'யூனிட் மாற்றம்' என்ற ஓட்டத்தில், போகும் இடம் 34-ஆகவும் மதிப்பு ரூ.50,000-க்கு மேலாகவும் இருந்தால் இ-வே பில் எண் இல்லாமல் கேட் பாஸ் அச்சாகக் கூடாது என்று ஒரு நிபந்தனை போடுங்கள்.

சிறு நிறுவன சப்ளையருக்கு 45 நாளில் பணம் கொடுக்க வேண்டும் என்கிறார்களே, அது எந்த நாளிலிருந்து?

உங்கள் அப்ரூவல் முடிந்த நாளிலிருந்து என்று பலர் நினைக்கிறார்கள். இல்லை. 2006-ஆம் ஆண்டின் எம்.எஸ்.எம்.இ. சட்டப்படி, சரக்கை ஏற்றுக்கொண்ட நாளிலிருந்துதான் எண்ண வேண்டும். எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாள், அதுவும் 45-க்கு மேல் போகக் கூடாது. ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். சரக்கில் குறையென்றால் 15 நாளுக்குள் எழுத்தில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் ஏற்றுக்கொண்டதாகவே அர்த்தம். தாமதமானால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி. 2024 ஏப்ரல் முதல் இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. கெடு தாண்டிக் கொடுத்தால், பணம் கொடுத்த வருடத்தில்தான் அதைச் செலவாகக் காட்ட முடியும்.

ஆகவே கடிகாரம் ஜி.ஆர்.என். (சரக்கு வந்து சேர்ந்ததற்கான பதிவு) போட்ட அன்றே ஓட ஆரம்பிக்க வேண்டும். ஒவ்வொரு படியிலும் திரையின் மேலே 'இன்னும் 11 நாள்' என்று தெரியட்டும். ஒரு இடத்தில் இதை மட்டும்தான் மாற்றினேன். வேறு எந்தப் படியையும் தொடவில்லை. மார்ச் கடைசி வாரத்தில் இரவு ஒன்பது வரை உட்காரும் வழக்கம் அங்கே நின்றது.

புயல், வெள்ளம் என்றால் யார் அப்ரூவல் கொடுப்பது?

தானே புயல் 2011 டிசம்பர் 30-ல் கரை கடந்தபோது இந்தப் பக்கம் இருந்தவர்களுக்கு இந்தக் கேள்வியை விளக்க வேண்டியதில்லை. பல நாள் மின்சாரம் இல்லை. 2024 நவம்பர் 30-ல் ஃபெஞ்சல் வந்து புதுச்சேரியை முழுகடித்தது, இரண்டு நாளில் தென்பெண்ணை கடலூரையும் முழுகடித்தது. அப்படி ஒரு ராத்திரியில் ஜெனரேட்டருக்கு 200 லிட்டர் டீசல் வாங்க மூன்று படி அப்ரூவல் கேட்டுக்கொண்டிருக்க முடியாது. சர்வர் ஓடினால்தானே கேட்பதற்கு.

அதற்காக 'அவசரம்' என்று ஒரு டிக் வைத்துவிட்டால் போதுமா? மழை இல்லாத சித்திரையிலும் அந்த டிக் விழும். நான் வைக்கும் முறை: அவசர ஓட்டத்தைத் திறப்பதே தனி அதிகாரம், அது ஃபேக்டரி மேனேஜருக்கும் இன்னொருவருக்கும் மட்டும். திறக்கும்போது காரணமும் மொத்த உச்சவரம்பும் எழுத வேண்டும். 72 மணி நேரத்தில் தானாக மூடிக்கொள்ளும். அந்த நேரத்தில் செலவு செய்தவர் முதலில் வாங்கிவிட்டு, பில்லை ஃபோட்டோ எடுத்துப் போட்டால் போதும். மூடிய பிறகு ஏழு வேலை நாளுக்குள் எல்லாவற்றுக்கும் பின்னேற்பு, அதாவது செலவான பிறகு கொடுக்கும் ஒப்புதல். பின்னேற்பில் 'ஏற்க முடியாது' என்ற பொத்தானும் இருக்க வேண்டும், அப்படி ஏற்காத பில்லுக்கு என்ன செய்வது என்பதும் முன்பே எழுதியிருக்க வேண்டும்.

சர்வரே இல்லாத நாளுக்காக அச்சடித்த, வரிசை எண் போட்ட படிவம் இருபது, ஒரு பிளாஸ்டிக் உறையில், செக்யூரிட்டி அறையின் மேல் அலமாரியில். கீழ் அலமாரியில் வைத்த ஒரு இடத்தில் அதுவும் நனைந்தது.

வாட்ஸ்அப்பில் 'ஓகே' என்று அனுப்பிவிடுகிறார். அதை அப்ரூவலாக எடுத்துக்கொள்ளலாமா?

எந்த பில்லுக்கு ஓகே? மூன்று பில்லை அனுப்பி, அவர் கடைசியில் ஒரு கட்டைவிரல் போட்டால் எதற்கு என்று யாருக்குத் தெரியும்? அவர் ஏன் வாட்ஸ்அப்புக்குப் போகிறார் என்று பாருங்கள். பெரும்பாலும் மென்பொருளில் நுழைய ஐந்து தட்டு தட்ட வேண்டியிருக்கிறது, வாட்ஸ்அப் ஏற்கெனவே திறந்திருக்கிறது. அறிவிப்பு வாட்ஸ்அப்பிலேயே போகட்டும், அதிலுள்ள இணைப்பைத் தொட்டால் நேரே அந்த பில்லின் பக்கம் திறக்கட்டும், பொத்தான் அங்கே இருக்கட்டும்.

மெயிலில் 'அப்ரூவ்' இணைப்பு வைப்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ஒரு கம்பெனியில் இரவு 11.42-க்குப் போன பில் எல்லாம் 11.42-க்கே அப்ரூவலாகிக்கொண்டிருந்தன. டைரக்டர் தூங்கிக்கொண்டிருந்தார் என்று அவர் வீட்டம்மாவே சொன்னார். கடைசியில் பார்த்தால், மெயிலில் வரும் இணைப்புகளில் வைரஸ் உண்டா என்று பார்க்க மெயில் சர்வரே ஒவ்வொன்றையும் திறந்து பார்க்கிறது. இணைப்பைத் திறந்தாலே அப்ரூவல் என்று வைத்திருந்ததால், இரண்டு வாரமாக வைரஸ் சோதனைதான் டைரக்டர் வேலை பார்த்திருக்கிறது. 'நிராகரி' இணைப்பையும் அது திறந்தது. ஆனால் அதற்குள் அப்ரூவலாகிவிட்டதால் பயனில்லை. இணைப்பு ஒரு பக்கத்தைத்தான் திறக்க வேண்டும், அந்தப் பக்கத்தில் ஆள் பொத்தானை அழுத்தினால்தான் எதுவும் மாற வேண்டும்.

அப்ரூவல் கொடுப்பவரின் திரையில் என்னென்ன இருக்க வேண்டும்?

ஃபோன் திரையில், விரலால் உருட்டாமல் தெரிய வேண்டியவை: யாருக்கு, எவ்வளவு, எதற்கு. அதே பொருளைப் போன முறை என்ன விலைக்கு வாங்கினோம். அந்தத் தலைப்பில் இந்த மாதம் மீதி எவ்வளவு. அவர் பதில் சொல்ல வேண்டிய அந்த ஒரு கேள்வி. மற்றதெல்லாம் கீழே. போன விலை பக்கத்திலேயே தெரிந்தால் மனிதர்கள் தானாகக் கேள்வி கேட்பார்கள். 'அனைத்தையும் அப்ரூவ் செய்' என்ற பொத்தானை மட்டும் யார் கெஞ்சினாலும் வைக்காதீர்கள்.

ஓட்டத்தை நடுவில் மாற்றினால், ஏற்கெனவே பாதி வழியில் இருக்கும் பில்களுக்கு என்ன ஆகும்?

பழைய பாதையில் புறப்பட்டது பழைய பாதையிலேயே முடியட்டும், புதியவை புதிய பாதையில். மென்பொருள் ஒவ்வொரு பில்லுக்கும் எந்தப் பதிப்பு என்று குறித்துக்கொள்ள வேண்டும். அந்த வசதி இல்லாத மென்பொருள் என்றால், நிலுவையை முடித்துவிட்டு மாற்றுங்கள். ஒரு படியையே நீக்கினால் அந்தப் படியில் நிற்கும் பில்கள் யார் பட்டியலிலும் வராமல் காணாமல் போகும். சப்ளையர் வந்து சண்டை போடும்போதுதான் தெரியும்.

பதிவேட்டில் என்னென்ன இருக்க வேண்டும்?

யார், எந்தப் பொறுப்பில், எப்போது, எந்த எண்ணைப் பார்த்து, என்ன சொன்னார். கம்பெனிச் சட்டத்தின் கீழ் பதிவான நிறுவனம் என்றால், 2023 ஏப்ரல் 1 முதல் கணக்கு மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும், அந்தப் பதிவை அணைக்க வழி இருக்கக் கூடாது. ஒப்புதல் ஒரு மென்பொருளிலும் கணக்கு வேறொரு மென்பொருளிலும் இருந்தால், இரண்டிலும் ஒரே பில் எண் இருக்கிறதா என்று பாருங்கள். ஆடிட்டர் முதலில் கேட்பது அதைத்தான்.

ஓட்டம் சரியாக இருக்கிறதா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

இரண்டு எண் போதும். ஒவ்வொரு படியிலும் பில் எத்தனை மணி நேரம் காத்திருந்தது, அந்தப் படியில் எத்தனை முறை 'இல்லை' வந்தது. காத்திருப்பில் சராசரி எடுக்காதீர்கள். ஒரே ஒரு பில் நாற்பது நாள் கிடந்தால் சராசரி எல்லோரையும் குற்றவாளியாக்கிவிடும். வரிசைப்படுத்தி நடு எண்ணைப் பாருங்கள், தனியாகக் கடைசிப் பத்தையும் பாருங்கள். ஆறு மாதத்தில் ஒரு 'இல்லை'கூட வராத படி என்றால், அங்கே உட்கார்ந்திருப்பவரிடம் போய், "எதைப் பார்த்து அழுத்துறீங்க?" என்று பழைய கேள்வியைக் கேளுங்கள்.

எங்கள் முதலாளி எல்லாம் தன் பார்வைக்கு வந்துதான் போக வேண்டும் என்கிறார். அவரிடம் எப்படிச் சொல்வது?

சொல்லிப் புரியவைக்க முயலாதீர்கள். அவர் காசு, அவருக்குப் பயம் இருக்கத்தான் செய்யும். எல்லாவற்றையும் ஒரு மாதம் அவரிடமே விடுங்கள். ஒவ்வொன்றையும் எத்தனை நொடி திறந்து பார்த்தார் என்று மென்பொருளே குறித்துக்கொள்ளட்டும். குறிக்கப் போகிறோம் என்பதை அவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

ஒரு இடத்தில் அப்படிச் செய்தேன். முதல் வாரம் ஒரு பில்லுக்கு ஒன்றரை நிமிடம். மூன்றாம் வாரம் நான்கு நொடி. பட்டியலை அவர் முன்னால் வைத்தேன், நான் எதுவும் சொல்லவில்லை. கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "அப்ப நான் என்னதான் பார்க்கிறது?" என்றார். ரூ.50,000-க்கு மேல், புது சப்ளையர், விலை பத்து சதவீதத்துக்கு மேல் ஏறியது, இந்த மூன்றும் அவர் அப்ரூவலுக்கு என்று வைத்தோம். மற்றதெல்லாம் தினமும் காலை ஆறரைக்கு ஒரே பட்டியலாக அவர் ஃபோனுக்குப் போகிறது. பீச் ரோட்டில் நடந்துகொண்டே பார்ப்பாராம். போன வாரம் ஸ்டோருக்கு ஃபோன் போட்டு, "அந்த கேஸ்கெட் ஏம்ப்பா போன மாசத்தைவிட எட்டு ரூபா ஜாஸ்தி?" என்று கேட்டிருக்கிறார்.